விரல் நறுக்கிய கோழி

கல்லறைத் தோட்டத்தில் உங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். அடக்க ஆராதனைத் தாளில் இரண்டாம் பத்தியின் முதல் வரி ஏன் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறது, எல்லாத் தாளிலுமா, தங்கள் கைக்கு வந்ததில் மட்டுமா என்று. எல்லாத் தாளிலும்தான், அச்சுப் பிழை என்று பதில் சொன்னேன். நான் சொன்னது உண்மை. அந்தப் பிழை அறுபது ஆண்டுகளுக்கு முன் அச்சேறியது என்பதை அந்த இடத்தில் நின்று சொல்ல எனக்கு இயலவில்லை.

இப்போது, நாம் சிறுவயதில் சேர்ந்து படித்த நம் கோவில் ஓய்வுநாள் பள்ளியின் ஆண்டு மலருக்கு 'பால்ய காலத்து இனிய நினைவு' ஒன்றை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருக்கிறேன். இனிமைக்கு நான் பொறுப்பேற்க முடியாது. அச்சிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். படிக்காமல் விட்டுவிடாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். நீங்களும் அந்த அட்டையைக் கையில் வைத்து ஜெபித்தவர்கள்.

அந்தப் பிழை அச்சேறிய ஆண்டின் கோடை விடுமுறை. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருந்தது. ஓட்டு வீடு, முன்னால் இரும்புக் கதவு, பின்னால் ஒரு கொய்யா மரம், தெருவுக்கு எதிர்ப்புறம் தாழ்வாரம் வைத்த தையல் கடை. இன்று அந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது; கீழ்த்தளத்தில் கைபேசி பழுதுபார்க்கிறார்கள். அப்பா பகலில் அரசாங்க எழுத்தர். மற்ற நேரமெல்லாம் மலை மக்களிடையே ஊழியம் செய்த ஒரு சிறு சங்கத்தின் செயலாளர். தெற்கே ஒரு பகல் பயணத் தொலைவில் இருந்த மலையடிவாரத்தில் அந்தச் சங்கம் ஒரு பாலர் இல்லம் நடத்தியது.

விடுமுறை வேதாகமப் பள்ளி உங்களுக்கு மறந்திருக்காது. கோவில் கூடத்தின் தகரக் கூரை பத்து மணிக்கே காயத் தொடங்கிவிடும். ஃபிளானல் துணி போர்த்திய பலகையில் ஆசிரியை அட்டை உருவங்களை ஒட்டிக் கதை சொல்வார். படகு ஒட்டும், ஆட்டுக்குட்டி ஒட்டும், மேகம்கூட ஒட்டும். மலைவாசி என்று ஓர் உருவம் இருந்தது. இலையாடை உடுத்தி ஈட்டி பிடித்தவன். எந்த நாட்டு ஓவியர் யாரைப் பார்த்து வரைந்தாரோ தெரியாது. அவன் முதுகுத் துணி தேய்ந்துபோய் அடிக்கடி கீழே விழுவான். நாம் சிரிப்போம். "சிரிக்கக் கூடாது பிள்ளைங்களா, அவங்களுக்காக அழணும்" என்பார் ஆசிரியை. நாமும் கண்ணை இறுக்கி மூடி அழ முயல்வோம். பதினோரு மணிக்கு ஆரஞ்சு நிறத்தில் சர்பத்தும் ஆளுக்கொரு பன்னும் வரும். அழுகை அத்துடன் முடிந்துவிடும்.

பள்ளி தொடங்கிய முதல் நாள் நமக்குத் தரப்பட்டது அந்த ஜெப அட்டை. உள்ளங்கை அகலம். இடப்பக்கம் ஒரு சிறுமியின் படம், கீழே 'அன்று'. வலப்பக்கம் அதே சிறுமி, கீழே 'இன்று'. இடப்பக்கத்தில் கிழிசல் துணி, கரி படிந்த முகம், கண்ணீர். வலப்பக்கத்தில் வெள்ளைக் கவுன், இரட்டைச் சடை. அடியில் சங்கம் அவளுக்குச் சூட்டிய பெயரும், அதன் கீழே இந்த வாசகமும்: 'தாய் தந்தையற்று இருளில் கிடந்த இச்சிறுமிக்காகத் தினமும் ஜெபியுங்கள்.'

அந்தச் சிறுமி அப்போது எங்கள் வீட்டில் இருந்தாள்.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அவளை அழைத்துவந்தவர் மலை ஊழியர். பாலர் இல்லத்தை நடத்தியவரை நாங்கள் அப்படித்தான் குறிப்பிடுவோம். மே மாத மிஷன் பண்டிகையில் ஒரு மலைப் பிள்ளையை மேடையேற்றுவது சங்கத்தின் வழக்கம். இவள் நன்றாகப் பாடுகிறாள் என்று தேர்ந்தெடுத்திருந்தார். ஒன்பது வயது, என்னைவிட ஒன்று மூத்தவள். நீலக் கவுனும் எண்ணெய் தேய்த்து வாரிய தலையுமாகச் சுத்தமாக வந்து நின்றாள். சிக்கலே அங்குதான் ஆரம்பித்தது. 'இன்று' தயாராக இருந்தது. 'அன்று' இல்லை.

மறுநாள் அப்பா, அம்மா, நான், அவள் நால்வரும் புகைப்பட ஸ்டூடியோவுக்குப் போனோம். முதலில் வெள்ளைக் கவுனில் ஒரு படம். பிறகு திரைக்குப் பின்னால் கவுனைக் கழற்றி, மலையிலிருந்து அவள் உடுத்திவந்த பழைய துணியைச் சுற்றிவிட்டார்கள். இல்லத்தில் துவைத்து மடித்து வைத்திருந்த துணி அது. அம்மா அதன் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார். பக்கத்து டீக்கடை அடுப்பிலிருந்து கரித்துண்டு வாங்கிவர என்னை அனுப்பினார்கள். நான் ஓடிப்போய் வாங்கிவந்தேன். ஓடிவந்ததற்கு அப்பாவிடம் பாராட்டும் பெற்றேன். அம்மா கரியைக் கைக்குட்டையில் தேய்த்து, பவுடர் பூசுகிற அதே மென்மையோடு அவள் கன்னத்தில் பூசினார்.

ஸ்டூடியோக்காரர் காமிராவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"என்னா சார் இது, உல்டாவா இருக்குது? குளிச்சப்புறம் அழுக்கா?"

"அட்டையில வரிசையா வந்துரும். நீங்க எடுங்க."

"பாப்பா அழுவுது சார்."

"அழட்டும். அழறப்பவே எடுங்க, நல்லா வரும்."

"உங்க படம், உங்க இஷ்டம்" என்று அவர் மீண்டும் துணிக்குள் புகுந்துகொண்டார். நாம் தினமும் ஜெபித்த 'அன்று'க்கும் 'இன்று'க்கும் இடையே இருந்தது இருபது நிமிடம். அதிலும் 'இன்று'தான் முதலில் வந்தது.

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தபோது அப்பா சாப்பாட்டு மேசையில் வைத்துத் திருத்தினார். ஒற்றுப் பிழையைப் பொறுக்காதவர்; 'இருளிற்' என்று போடலாமா 'இருளில்' போதுமா என்று கால்மணி நேரம் யோசித்தார். அம்மா தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.

"தாய் தந்தையற்றுன்னு போட்டிருக்கே. இதோட அம்மா இருக்காங்கன்னுதானே ஊழியர் சொன்னாரு?"

"தகப்பன் இல்ல. தாய் கர்த்தரை அறியாதவ. இருந்து என்ன பிரயோஜனம்?"

"அதுக்காக அச்சுல போடலாங்களா?"

"பிள்ளைங்க மனசு உருக வேணாமா? அரை அனாதைக்கு யாரு முழங்கால் போடுவா?"

அம்மா சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். அவர்கள் கொடியவர்கள் என்று நான் எழுதினால் உங்களுக்கு எளிதாக இருக்கும். கெட்ட மனிதர்கள் சிலர் செய்த தவறு என்று தள்ளிவைத்து நிம்மதி அடைவதற்கு அதுவும் ஒரு வழி. அவர்கள் தினமும் அதிகாலையில் எழுந்து அந்த மலைக்காக உண்மையாகவே கண்ணீர் விட்டவர்கள். அந்தக் கண்ணீரைத்தான் நான் குற்றம் சொல்கிறேன். அந்த ஈரத்தில் எதையும் கரைத்துவிட முடியும் என்று அவர்கள் நம்பினார்கள்.

கொய்யா மரத்தடியில் அவளும் நானும் பேசிக்கொண்டோம். பாதி கன்னடமும் பாதி தமிழும், இரண்டிலும் சேராத அவள் ஊர்ச் சொற்களுமாக இருக்கும் அவள் பேச்சு. அவளுடைய அம்மா அவளை அடிவாரத்து இல்லத்தில் விட்டது மழைக்காலத்துக்கு மட்டும். மழையில் மேலே சோற்றுக்குக் கஷ்டம். கோடை வந்ததும் கூட்டிப்போவாள். "மாம்பழம் விக்க ஆரம்பிச்சா அம்மா வருவா" என்றாள். சங்கம் வைத்த பெயரால் நான் கூப்பிட்டால் சற்றுத் தாமதமாகத் திரும்புவாள். தன் பெயரை ஒருமுறை என் காதில் சொன்னாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் சத்தியம் செய்து கொடுத்த ஒரே விஷயம் அது, அதைக் காப்பாற்றினேன். காப்பாற்றக் கூடாத மற்றொன்றையும் காப்பாற்றினேன்.

பண்டிகைக்கு ஆறு நாள் இருந்தது. லேசான காய்ச்சலால் நான் வேதாகமப் பள்ளிக்குப் போகவில்லை. அவள் போயிருந்தாள். விடுப்பில் இருந்த அப்பா உள்ளே பண்டிகை நிகழ்ச்சிநிரல் எழுதிக்கொண்டிருந்தார். இரும்புக் கதவருகே நான் நின்றபோது தெருவில் ஒரு பெண் வந்தார். சிறிய உருவம், செருப்பில்லாத கால்கள், முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிந்த புடவை. இடுப்பில் குழந்தையை அணைப்பதுபோல ஒரு கோழியை அணைத்திருந்தார். சிவந்த கழுத்தும் கருநீல வாலுமாக அப்படி ஒரு கோழியை நான் கண்டதில்லை. வலக்கையில் மடித்து மடித்து நைந்துபோன ஒரு துண்டுக் காகிதம். எங்கள் முகவரி. பாலர் இல்லத்துச் சமையல்காரர் எழுதிக் கொடுத்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது. அதற்காக அவர் வேலையை இழந்தார்.

"நன்ன மகு" என்றார் அந்தப் பெண். என் பிள்ளை.

அதற்குள் அப்பா வாசலுக்கு வந்துவிட்டார். அப்பாவின் கன்னடம் அலுவலகக் கன்னடம், திருத்தமானது. பிள்ளை இங்கே இல்லை என்றார். எங்கே என்று அந்தப் பெண் கேட்டார். பிள்ளை நன்றாக இருக்கிறாள், படிக்கிறாள், நீங்கள் ஊருக்குப் போங்கள், ஊழியர் வந்து எல்லாம் சொல்வார் என்றார். அந்தப் பெண் மீண்டும் அதையே கேட்டார். அப்பா மீண்டும் அதையே சொன்னார். பிறகு கைகூப்பிவிட்டு உள்ளே திரும்பி நடந்தார்.

அப்போதுதான் அந்தப் பெண் கதவின் கம்பிகளுக்கு மேலாகக் கோழியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை; கோழி அழகாக இருந்தது. நான் வாங்கியதும் அவர் முகம் தெளிந்தது. தலையை ஒருமுறை அசைத்துவிட்டு, தெருவைக் கடந்து, தையல் கடைத் தாழ்வாரத்தில் சென்று அமர்ந்தார். பேச்சு முடிந்துவிட்டது, இனிப் பிள்ளை வந்துவிடும் என்பவர்போல அமர்ந்தார். அந்த முகத்தின் பொருள் எனக்கு விளங்க அறுபது ஆண்டுகள் ஆயின.

உள்ளே அம்மா கேட்டது என் காதில் விழுந்தது.

"பாவங்க. ஒரு தடவை காட்டி அனுப்பிச்சா என்ன?"

"காட்டினா கூட்டிட்டுப் போயிருவா. அட்டை எல்லாப் பிள்ளைங்க கையிலயும் இருக்கு. மேடையில யாரை நிறுத்தறது? வெளியூர்லேர்ந்து பிரசங்கம் பண்ண செய்தியாளர் வர்றாரு. அதைவிடு. இந்த ஆத்துமாவை மறுபடி இருட்டுக்கு அனுப்பினா நாளைக்குக் கர்த்தர் முன்னால என்ன பதில் சொல்லுவேன்?"

"பொய் சொல்லிட்டீங்களே."

"எங்க சொன்னேன்? இங்க இல்லன்னேன். இல்லதானே? கோவில்லதானே இருக்கா?"

பிறகு என்னை அழைத்தார். கோவிலுக்குப் போய் அவளைப் பின்சந்து வழியாக, ரயில் பாதை ஓரமாக அழைத்துவரச் சொன்னார். முன்தெருவில் நாய் ஒன்று கடிக்கிறது என்று சொல்லச் சொன்னார். கோழியைப் பற்றிக் கேட்டால் சிவாஜிநகர் மார்க்கெட்டில் வாங்கியது என்று சொல்லச் சொன்னவர் அம்மா. எட்டு வயதில் எனக்கு இரண்டு பொய்கள் கற்பிக்கப்பட்டன. இரண்டையும் மனப்பாட வசனம்போல் பிழையில்லாமல் ஒப்பித்தேன்.

அவள் பின்கட்டில் நுழைந்ததும் கோழியைப் பார்த்தாள். ஓடிவரவில்லை. மெல்ல வந்து குந்தி, அதன் இடக்காலைத் தூக்கிப் பார்த்தாள். கடைசி விரல் பாதியில் நறுக்கப்பட்டிருந்தது. பழைய வெட்டு, ஆறிப்போனது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரு குடுத்தாங்க?"

"மார்க்கெட்ல வாங்கினோம். சிவாஜிநகர்ல."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. கோழிக்கு அரிசி வைத்தாள். அன்று மாலை தன் பழைய துணியை அம்மாவிடம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு அது வேண்டும், தர முடியாது என்றார் அம்மா. அவள் இரண்டு கவுன்களையும் மடித்துக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, போட்டிருந்த ஒன்றோடு கோழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு நாட்கள் முன்கதவு தாழிடப்பட்டிருந்தது. இரண்டு நாட்களும் அவளைப் பின்சந்து வழியாகவே அழைத்துப்போய் அழைத்துவந்தேன். இரண்டாம் நாள் பிற்பகலில் கோடை மழை கொட்டியது. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். தையல்காரர் கடைக்குள் வந்து உட்காரும்படி அந்தப் பெண்ணை அழைப்பது தெரிந்தது. அவர் மறுத்து, எங்கள் கதவு தெரியும் இடத்திலேயே சுவரோடு ஒட்டி நின்றார். மூன்றாம் நாள் காலை, அப்பா கொடுத்த தந்தியைக் கண்டு மலை ஊழியர் வந்துசேர்ந்தார். ஒரு புதுப் புடவையை அந்தப் பெண்ணின் கையில் திணித்து, ஏதேதோ பேசி, பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அந்தப் பெண் சத்தம் போடவில்லை. தெருமுனையில் ஒருமுறை நின்று திரும்பினார். எங்கள் வீட்டைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு முன்கதவைத் திறந்தார்கள். அவள் வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். பள்ளி விட்டு வந்ததும் அங்கேதான், சோற்றுத் தட்டோடும் அங்கேதான். ஐஸ் வண்டிக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். தாய் எழுந்துபோன இடத்தைப் பார்த்தபடி மகள் ஞாயிறு வரை உட்கார்ந்திருந்தாள்.

பண்டிகை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். முதலில் அவள் கிழிந்த துணியோடு மேடைக்கு வந்து தன் மலைப் பாட்டு ஒன்றைப் பாடினாள். ஆர்மோனியக்காரர் பின்னணியில் சோகமாக ஏதோ வாசித்தார். பாட்டு சோகப் பாட்டு இல்லை. தினை குத்தும்போது பாடுவது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். பிறகு திரைக்குப் பின்னால் போய் வெள்ளைக் கவுனோடு வந்து வசனம் சொன்னாள். நாம் எழுந்து நின்று கைதட்டினோம். அடுத்த ஆண்டு தானும் மலைக்கு ஊழியத்துக்குப் போகப்போவதாக உங்களில் ஒருவர் அன்று சாட்சி சொன்னீர்கள். நீங்கள் பிற்பாடு வங்கியில் சேர்ந்தீர்கள். நல்லது.

மதியம் வெளியூர்ச் செய்தியாளருக்கு எங்கள் வீட்டில் விருந்து. கோழிக்குழம்பு. அவளைச் செய்தியாளரின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

"பாப்பாவுக்கு என்ன பீஸ் வேணும்?" என்றார் அவர்.

"கால்."

"பாருங்க, மலைப் பிள்ளைக்கு ருசி தெரியுது!" மேசை முழுதும் சிரித்தது. அம்மா தொடைக் கறியை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"இது இல்ல. கால்."

"கோழிக் காலா? அதையெல்லாம் யாரும்மா வைப்பா, குப்பையில போட்டாச்சு" என்றார் அம்மா.

அவள் வெறும் சோற்றைச் சாப்பிட்டு எழுந்தாள். வாசற்படியில் அவள் உட்கார்ந்தது அன்றோடு நின்றது. ஊருக்குப் போக வேண்டும் என்று பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. பாலர் இல்லத்துக்கே அனுப்பிவிடலாமா என்று ஊழியர் கேட்டபோது அவளே வேண்டாம் என்று தலையாட்டினாள். "பார்த்தீங்களா?" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். இன்றைக்கும் அந்தச் சங்கத்தின் வரலாற்றில் அந்தத் தலையாட்டல் ஒரு பத்தியாக இருக்கிறது.

அவள் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். எனக்கு அக்கா ஆனார். செவிலியர் படிப்புப் படித்தார், இதே நகரத்தில் ஒரு மருத்துவமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணிசெய்தார். மணம் செய்துகொள்ளவில்லை, 'ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த பிள்ளை' என்று அப்பா அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைப் பதினோரு ஆண்டுகள் கழுவித் துடைத்து ஊட்டியவர் அக்கா. மலையில் விட்டிருந்தால் ஏதாவது காய்ச்சலில் போயிருப்பார், இங்கே வந்ததால் ஓய்வூதியத்தோடு வாழ்ந்தார் என்று சவப்பெட்டியின் அருகில் நின்று உங்களில் ஒருவர் சொன்னீர்கள். இருக்கலாம். பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கேட்கப்படவேண்டிய ஒருவர் தாழ்வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்.

நான் வரலாறு படித்தேன், கற்பித்தேன். ஆவணங்கள் எப்படிப் பொய் சொல்லும் என்று நாற்பது ஆண்டுகள் மாணவர்களுக்கு விளக்கினேன். வீட்டில் வாய் திறக்கவில்லை. முப்பது வயதில் ஒருமுறை அந்த மலையடிவாரம் வரை போனேன். யாரைத் தேடுவது? அந்தத் தாயின் பெயர் எனக்குத் தெரியாது. அக்காவிடம் கேட்கலாம், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். டீ குடித்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டேன்.

என் மனைவி இறந்த பிறகு அக்கா என்னோடும் மகனோடும் எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்ககத்துக்கு வந்துவிட்டார். இந்தக் கோடையில் ஈரல் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்த்தோம். ஒருநாள் காலை, ஜன்னலுக்கு வெளியே மேம்பாலத்தில் கம்பெனி வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அக்கா ஊசிக்குழாயின் சொட்டு வேகத்தைத் தாமே சரிசெய்துகொண்டார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு டிரிப் விடத் தெரியல" என்றார். பிறகு, "டேய் புரொபசரு, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது" என்றார்.

"நான் எப்பக்கா சிரிச்சேன்?"

"அதுவும் சரிதான். அந்தக் கோழி, அது மார்க்கெட் கோழி இல்ல. தெரியும்ல?"

நான் நாற்காலியைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டேன்.

"எங்க வீட்டுக் கோழிடா அது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் உண்டு. எங்களுது இடதுகால் கடைசி விரல். அம்மாதான் நறுக்குவா. அம்மா வந்திருக்கான்னு அப்பவே தெரிஞ்சுது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எங்க ஊர்ல ஒரு பழக்கம். புள்ளைய இன்னொரு வீட்ல விட்டிருந்தா, திரும்பக் கூட்டிட்டுப் போறப்ப அந்த வீட்டுக்கு ஒரு கோழி குடுக்கணும், சோறு போட்டதுக்கு. கோழிய வாங்கிட்டா புள்ளையக் குடுத்தாகணும். அதான் உக்காந்திருந்தேன். அம்மா வரவேயில்ல. கோழியையும் குடுத்துட்டு ஏன்டா என்னை விட்டுட்டுப் போனா?"

"அக்கா…"

"நானே ஒரு பதில் வெச்சிருக்கேன். வீட்ட வந்து பாத்திருப்பா. ஓட்டு வீடு, கவுனு, மூணு வேளை சோறு. இங்கயே இருக்கட்டும்னு தோணிருக்கும். கடைசி நிமிஷத்துல நான் வேணாம்னு ஆயிருக்கும். சரிதானே? நீ படிச்சவன், சொல்லு."

இந்த விடையை வைத்துக்கொண்டுதான் அவர் அறுபது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். தம்மைத் தாய் வேண்டாம் என்றாள் என்ற விடை. ஊருக்குப் போகக் கேட்காததும், தலையாட்டியதும், அப்பாவின் படுக்கையருகே கழித்த பதினோரு ஆண்டுகளும் எல்லாம் அந்த விடையின் மேல் கட்டியவை.

நான் சொன்னேன். காகிதத்துண்டு, கம்பிக் கதவு, 'நன்ன மகு', அப்பா சொன்னது, பின்சந்து, நாய், தந்தி, புடவை. கோழியைக் கைநீட்டி வாங்கியவன் நான் என்பதையும் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களில் முடிந்துவிட்டது.

அக்கா கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"நாய் கடிக்கும்னது பொய்யாடா? அந்தச் சந்துல எத்தனை முள்ளு குத்திச்சு எனக்கு."

"பொய்தான்க்கா."

"எத்தன நாள் உக்காந்திருந்தா?"

"ரெண்டு நாள். ரெண்டாம் நாள் மழை."

"மழையிலயா?"

"தாழ்வாரத்துல. தையல்காரர் உள்ள கூப்ட்டார். வரல. நம்ம கதவு தெரியணும்னு அங்கயே நின்னாங்க."

"சாப்ட்டாளா?"

"தையல்காரர் டீயும் பன்னும் குடுத்தார். வாங்கிக்கிட்டாங்க."

"நல்ல மனுஷன்" என்றார். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பினார். "உங்கப்பனுக்குப் பீ மூத்திரம் அள்ளினேனேடா பதினோரு வருஷம். அது நின்னுடுமேன்னுதான் சொல்லாம இருந்தியா?"

அதற்கு என்னிடம் விடை இல்லை என்று எழுதினால் அது இந்தக் கட்டுரையின் ஒரே பொய்யாக இருக்கும். "ஆமாம்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன். "எங்க போற? உக்காரு" என்றார். "முதல்லேருந்து சொல்லு. தெருவுல வர்றப்ப எப்படி இருந்தா, அதுலேருந்து."

அதன் பிறகு அவருக்குப் பத்தொன்பது நாட்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் சொல்லச் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மழை வரும் இடத்தில் மட்டும் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வார், சற்று நேரம் அங்கேயே இருப்பார், பிறகு விரலை அசைப்பார், நான் தொடர்வேன். ஒருநாள், "உங்க அம்மா பேர் என்னக்கா?" என்று கேட்டேன். "இப்பத்தான் கேக்கணும்னு தோணிச்சா?" என்று சிரித்துவிட்டுச் சொன்னார்.

இறந்த மறுநாள் காலை இளம் ஆயர் அடக்க ஆராதனைத் தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்தார். சங்கத்தின் பழைய கோப்பிலிருந்து அந்த அட்டையைத் தேடி எடுத்து, அக்காவின் வாழ்க்கைக் குறிப்பை அதன் வாசகத்தோடு தொடங்கியிருந்தார். 'தாய் தந்தையற்று இருளில் கிடந்த'. நான் பேனாவை எடுத்துக் கோவிலின் முன்வரிசையில் உட்கார்ந்து முதல் தாளிலிருந்து ஆரம்பித்தேன்.

"அங்கிள், என்ன செய்றீங்க?" என்றார் ஆயர்.

"மெய்ப்புத் திருத்தறேன் தம்பி. அப்பா விட்டுட்டார்."

ஆராதனை தொடங்க முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று. வெயிலில் நின்ற உங்களிடம் அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். வேறெதற்கும் இல்லை. சங்கம் இப்போதும் இருக்கிறது. போன வாரம்கூட நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மலைச் சிறுவனின் இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டு ஜெபிக்கச் சொன்னார்கள். நீங்கள் எல்லோரும் கைகூப்பும் பொம்மையைப் போட்டிருந்தீர்கள். எந்தப் படம் முதலில் எடுக்கப்பட்டது என்று கேட்டேன். இதுவரை பதில் இல்லை.

கல்லறைக்குக் கல் அடுத்த மாதம் நடுகிறார்கள். இன்னாரின் மகள் இன்னார் என்று இரண்டே பெயர்கள்தான் அதில் இருக்கும். வந்து படியுங்கள். இரண்டும் நீங்கள் கேள்விப்படாத பெயர்கள்.